வாஷர் அண்ணனும் ஒன்பதாவது வீடும்

குழாயில் என்ன கோளாறு என்று கேட்டாலும் அவர் குனிந்துகூடப் பார்க்காமல், "வாஷர் போயிருக்கு" என்பார். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். இல்லாத சமயங்களில் குழாயே வெடித்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் மெயின் வால்வைத் திருகி மூடியிருப்பார். இருந்தாலும் முதல் வார்த்தை வாஷர்தான். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் வாஷர் அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் மாமா அவரைவிட இருபது வயது பெரியவர். அவரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒருவர்மேல் ஒட்டிக்கொண்ட பெயரை யார் பிய்த்தெடுப்பது?

காகித ஆலையில் பைப் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஆலை மூடியபோது உடன் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வேறு ஊர் தேடிப் போனார்கள். இவர் ஒரு பை நிறைய ஸ்பானர்களோடு தெருவில் இறங்கினார். தொழில் சுத்தம், பேச்சு காரம். வேலை முடியும்வரை யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். முடிந்தபின் டீ கொடுத்தால் குடிப்பார். ஆனால் டம்ளரைக் கீழே வைத்த கையோடு அந்த வீட்டில் இன்னொரு குழாயையும் இறுக்கிவிட்டுத்தான் கிளம்புவார். சும்மா வாங்கிக்கொள்வது என்பது மனிதருக்கு வரவே வராது. கல்யாணத்துக்கு யாரோ ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள் என்பதற்காக, புது மாப்பிள்ளை அடுத்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி அன்றைக்கே தன் தலைவிதியை ஓரளவு புரிந்துகொண்டாள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தெருவில் மொத்தம் ஒன்பது வீடுகள். ஆலை நடந்த காலத்தில் தொழிலாளிகளுக்காக ஒரே மாதிரி கட்டிக் கொடுத்தவை. முன்னால் கூடம், இடப்பக்கம் படுக்கையறை, பின்னால் சமையலறை. வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் என்ன மனக்கஷ்டத்தில் இருந்தாரோ, சமையலறை சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். இருட்டில் உள்ளே நுழைந்து, கதவைப் பாதி சாத்தி, அதன் பின்னால் கையை வளைத்து நீட்டினால்தான் விளக்கு எரியும். ஒன்பது வீட்டிலும் இதே கதை. ஒன்பது வீட்டுக்காரர்களும் தினமும் பொழுது சாய்ந்தால் அந்த முகம் தெரியாத எலெக்ட்ரீஷியனை வாய்நிறையத் திட்டுவார்கள்.

அந்தக் கோடையில் மலைமேலிருந்த காடு பற்றிக்கொண்டது. தீ கீழே இறங்குவதற்குள் எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அனல் அடங்கித் திரும்பி வந்து பார்த்தால் எட்டு வீடுகள் சாம்பல். வரிசையின் கடைசியில் இருந்த ஒன்பதாவது வீடு மட்டும் ஒரு பக்கச் சுவர் கறுத்து, ஒரு கண்ணாடி விரிசல் விட்டு, மற்றபடி நேற்றைக்குப் பார்த்த மாதிரியே நின்றது. அது வாஷர் அண்ணன் வீடு.

காற்று திசை மாறிவிட்டது என்று தீயணைப்புக்காரர் சொன்னார். வாஷர் அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருக்குத் தெரிந்த காரணம் கொல்லைப்புறத்தில் இருந்தது. அங்கே ஒரு குழாய் பல வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. "ஊர்க் குழாயெல்லாம் போய்ச் சரி பண்ணுறீங்க, நம்ம வீட்டுக் குழாய் மட்டும் ராத்திரி பகலா சொட்டுது" என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. "நாளைக்கு" என்று இவர் சொல்லாத நாளும் இல்லை. ஒழுகிய தண்ணீரில் கொல்லை எப்போதும் சேறாகவே கிடந்தது; புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. இப்போது பார்த்தால் அந்தப் புல்லின் ஓரம்வரை கரி, அதற்கு இப்பால் பச்சை.

மற்ற எட்டு வீட்டிலும் ஒரு சொட்டு ஒழுகாமல் அடைத்துக் கொடுத்தவர் அவர்தான். தான் ஒழுங்காக வேலை செய்த எட்டு வீடும் எரிந்துபோயிற்று, சோம்பலாக விட்ட ஒரு வீடு பிழைத்துக்கொண்டது. இது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. டீக்குப் பதிலாகக் குழாயை இறுக்கிவிட்டு வருகிறவர் அவர். இந்த வீடு நின்றதற்கு யார் வீட்டில் போய் எதை இறுக்குவது?

மனைவி உள்ளே ஓடி, சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் கவிழ்த்தபடியே இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நல்லவேளைங்க…" என்று ஆரம்பித்தாள்.

அவர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். "அந்த வார்த்தை இனிமே இந்த வீட்டுல வரக்கூடாது. வெளியே கேட்டா என்ன நினைப்பாங்க?"

வெளியே இரண்டு மனை தள்ளி டெய்லரம்மா தன் சாம்பலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தையல் மெஷினின் இரும்புச் சக்கரம் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்து மனையிலிருந்து டிரைவர் மாமா மெல்ல நடந்து வந்து, "உங்க வீடு எப்படி அண்ணே?" என்று கேட்டார்.

"தப்பிச்சுது மாமா" என்று சொல்லத்தான் வாஷர் அண்ணன் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "வெளியே பார்க்கத்தான் மாமா வீடு. உள்ளே ஒண்ணும் இல்ல. உத்தரம் எல்லாம் வெந்துபோய்க் கிடக்கு. யாரும் கிட்டப் போயிடாதீங்க, கூரை தலையில விழும்."

சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி திறந்த வாய் மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் காலியாக இருந்ததால் அதையே முகாமாக ஆக்கியிருந்தார்கள். எரிந்துபோன மற்ற தெருக்காரர்களும் அங்கேதான். வீடு போனவர் முகாமில்தானே இருக்கவேண்டும்? வாஷர் அண்ணனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மனைவிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சத்தம் போடவும் முடியாது. பெஞ்சுகளை அடுக்கிய தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் டெய்லரம்மா.

"நம்ம கட்டில் அங்க ஹாயா படுத்துக்கிடக்கு," என்று அவர் காதோரம் சீறுவாள். "நான் இங்க வாய்ப்பாடு எழுதின பலகைக்குக் கீழே புரளுறேன். உங்களுக்கே நல்லா இருக்கா?"

"கொஞ்சம் பொறு."

"எதுவரைக்கும்? ஊர்ல எல்லாரும் வீடு கட்டி முடிக்கிறவரைக்குமா?"

அவர் எழுந்து ஸ்பானர் பையைத் தேடினார். வேலையில் விழுந்தார். முகாமில் அடைத்துக்கிடந்த குளியலறைகளை முதல் வேலையாகத் திறந்துவிட்டார். பிறகு தெருவைத் தோண்டினார். மண்ணுக்கடியில் பிளாஸ்டிக் குழாய்கள் மெழுகாக உருகி அடைத்துக்கொண்டிருந்தன. அத்தனையையும் பிடுங்கியெறிந்துவிட்டு, தெருமுனையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய் நட்டார். அதில் தண்ணீர் வந்த அன்று டிரைவர் மாமா சட்டையோடு அதன் அடியில் உட்கார்ந்து குளித்தார். அடுத்த தெருவிலிருந்து கூப்பிட்டார்கள், அங்கேயும் போனார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கும் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நன்றி சொல்ல வந்தவர்களிடம் மட்டும் எரிந்து விழுந்தார். "நன்றியும் வேணாம் ஒண்ணும் வேணாம். தள்ளி நில்லுங்க, கால்ல ஸ்பானர் விழும்!"

கதை இங்கேதான் அவருக்குக் கசந்தது. தன் வீடு போன துக்கத்திலும் மனிதர் ஊருக்காக இப்படி உழைக்கிறாரே என்று ஊர் உருகியது. நிவாரணமாக வந்த கம்பளிகளில் தடிமனானதை அவருக்கு ஒதுக்கினார்கள். சூப் ஊற்றுகிற இடத்தில் அவர் தட்டில் மட்டும் ரொட்டி இரண்டாக விழுந்தது. டெய்லரம்மா தன் ஒரே தலையணையைக் கொண்டுவந்து அவர் மனைவியிடம் திணித்துவிட்டுப் போனார். அந்த ரொட்டியை மென்று விழுங்குவதற்குள் வாஷர் அண்ணனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் குட்டு உடையும், தின்றால் தொண்டையில் நிற்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பார். ஒவ்வொரு ரொட்டிக்கும் அது இன்னும் கொஞ்சம் கடினமாகிக்கொண்டே போனது.

இதற்கிடையில் தெருவுக்கு மின்சாரமும் திரும்பியது. சாமான் எடுத்து வருகிறேன் என்று மனைவி மட்டும் அவ்வப்போது சாவியை வாங்கிக்கொண்டு போவாள். கூரை விழுமே என்று யாராவது பதறினால், "விழுந்தா விழட்டும், இவரோட குடும்பம் நடத்துறதுக்கு அது தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

பள்ளி திறக்கச் சில வாரங்கள் இருந்தபோது, வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொடுக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். சின்ன வயசு, பொறுமை அதிகம். எல்லோரையும் வகுப்பறையில் உட்கார வைத்து, "உங்களுக்கு எந்த மாதிரி வீடு வேணும்?" என்று கேட்டாள்.

"பழைய மாதிரியே" என்றார்கள் எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில். அவள் ஆச்சரியப்பட்டாள். சரி, பழைய வீடு எப்படி இருந்தது என்று கேட்டதும்தான் ரகளை ஆரம்பித்தது. கூடத்து ஜன்னல் இவ்வளவு அகலம் என்று டெய்லரம்மா இரண்டு கையையும் விரித்தார். அவ்வளவெல்லாம் கிடையாது, இவ்வளவுதான் என்று டிரைவர் மாமா கையைக் குறுக்கினார்.

"ஒரே மாதிரி கட்டின வீடு மாமா. உங்களுக்கு மட்டும் குட்டி ஜன்னலா வெச்சாங்க?"

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். எந்தச் சந்துல எது நுழையும்னு எனக்குத் தெரியாதா?"

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜன்னலடியில்தான் அவர் மெஷின் இருந்தது. காலை வெயில் நேராக ஊசிமேல் விழும். கண்ணாடி போடாமல் நூல் கோத்துவிடுவார். "அந்த வெளிச்சம் வராத வீடு எனக்கு எதுக்கு? நான் பேசாம தங்கச்சி ஊருக்கே போயிடறேன்" என்றார். டிரைவர் மாமா குறுக்கிய கையைக் கீழே இறக்கினார். ஒருவர் போனால் அடுத்தவரும் போவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு வீடாவது முழுசா நின்னிருந்தா அளந்துடலாம்" என்றாள் இன்ஜினியர் பெண்.

எல்லோரும் திரும்பி வாஷர் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் பைக்குள் கையை விட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே போக முடியாதும்மா" என்றார்.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போறேன் சார்."

"ஹெல்மெட் எல்லாம் தாங்காது! அது எந்த நிமிஷமும் இறங்கிடும்!"

அவர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் பயந்துவிட்டாள். இத்தனை வருஷம் வீடு வீடாகக் குழாய் வேலை பார்த்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? எந்த நிமிஷமும் விழுகிற வீட்டைத் தெருவில் விட்டுவைக்கலாமா? சாயங்காலத்துக்குள் ஒன்பதாவது வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி விழுந்தது. காலையில் புல்டோசர் வந்து இடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாஷர் அண்ணன், "சரி" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? வாயைக் கொடுத்து இப்படி மாட்டிக்கொண்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் டெய்லரம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தாள். "காலைல நல்ல சட்டை ஒண்ணு எடுத்து வைக்கறேன், போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். "கடைசியா வீட்டுக்கு ஒரு மரியாதை." அந்த அமைதிதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது.

காலையில் புல்டோசர் உறுமிக்கொண்டு வந்தது. தெருவே திரண்டு நின்றது. இன்ஜினியர் பெண் ஹெல்மெட்டோடு ஓரமாக நின்றாள். ஓட்டுநர் தலையை நீட்டி, "உள்ளே ஏதாவது எடுக்கணுமாண்ணே?" என்று கேட்டார். கட்டில், கடிகாரம், கவிழ்த்த டம்ளர்கள் எல்லாம் வாஷர் அண்ணன் கண்முன்னால் வந்து போயின. இல்லை என்று தலையை ஆட்டினார்.

இரும்புக் கை மேலே எழும்பியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எப்படி ஓடினார், எப்போது ஓடினார் என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கைகளை விரித்துக்கொண்டு வண்டிக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா! வீட்டுக்கு ஒண்ணும் ஆகல! ஒரு டம்ளர்கூட உடையல!"

என்ஜின் அணைந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பொய் சொல்லிட்டேன். உங்க வீட்டுக் குழாயெல்லாம் சொட்டு ஒழுகாம அடைச்சுக் கொடுத்தேன். என் வீட்டுக் குழாயை மட்டும் சோம்பல்ல விட்டேன். அந்த ஈரத்துலதான் இது நின்னுது. உங்க எல்லாத்தையும் எரியவிட்டுட்டு நான் மட்டும் கட்டில்ல எப்படிப் படுக்கிறது? உங்க முகத்துல எப்படி முழிக்கிறது? நீங்க கொடுத்த ரொட்டியெல்லாம் தின்னுட்டேன். அதுக்கும் மன்னிச்சுக்குங்க."

டெய்லரம்மா, "அப்பாடா" என்றார். "இப்பவாவது சொன்னீங்களே!"

வாஷர் அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

"அண்ணே, நான் டெய்லர். முகாம்ல இஸ்திரிப் பெட்டி ஏது? நாங்கள்லாம் கசங்கின துணியில திரியறோம், நீங்க மட்டும் கத்தி மாதிரி மடிப்போட குழி தோண்டுறீங்க. பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. மனசுல என்ன கஷ்டமோ, தானா சொல்லட்டும்னு விட்டுட்டோம். நேத்து ஜன்னலைப் பத்தி அவ்வளவு அழுதும் வாயைத் திறக்கலையே நீங்க!"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பின்ன?" என்றாள் அவள். "யார் கண்ணுலயாவது பட்டுத் தொலையட்டும்னுதான் தேய்ச்சேன். எத்தனை நாள் நான் தரையில படுக்கிறது?"

புல்டோசர்க்காரர் மேலேயிருந்து சிரித்தார். "கையைத் தூக்கினா போதும், இறக்காதேன்னு ராத்திரியே இன்ஜினியரம்மா சொல்லிட்டாங்கண்ணே." இன்ஜினியர் பெண் ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். வாஷர் அண்ணன் முகத்தில் வழிந்த அசட்டைத் துடைக்க ஒரு துண்டு போதாது.

டிரைவர் மாமா மட்டும் சிரிக்காமல் கிட்ட வந்தார். "எனக்குக் கோவம்தான்" என்றார். "அது என்ன, உங்க வாஷரால ஊர் எரியுது, உங்க வாஷரால வீடு நிக்குதா? காத்து அடிச்சுது, எரிஞ்சுது. காத்து திரும்பிச்சு, நின்னுது. உங்களுக்கு ரொம்பத்தான் நினைப்பு! போய்க் கதவைத் திறங்கண்ணே."

திறந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. டெய்லரம்மா யாரையும் கேட்காமல் நேராகப் போய்க் கூடத்து ஜன்னலைத் தள்ளினார். காலை வெயில் தரையில் விழுந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தார். அவர் விரித்த அளவும் இல்லை, டிரைவர் மாமா குறுக்கிய அளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது. "ரெண்டு பேரும் தப்பு" என்று இன்ஜினியர் பெண் தீர்ப்பு சொன்னாள். டெய்லரம்மா அந்த வெளிச்சத்தில் கையை வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கச்சி ஊரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

டிரைவர் மாமா தனியாகச் சமையலறைப் பக்கம் போனார். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. அவர் வீடு இல்லை அது, ஆனால் கால்களுக்கு அது தெரியவில்லை. உள்ளே நுழைந்தார், கதவைப் பாதி சாத்தினார், கை தானாக வளைந்து பின்னால் போனது. டக். விளக்கு எரிந்தது.

ரொம்ப நேரம் அவர் வெளியே வரவில்லை. வாஷர் அண்ணன் எட்டிப் பார்த்தபோது, மாமா விளக்கடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். தீப்பிடித்த நாளிலிருந்து யார்முன்னும் அழாத மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்ஜினியரம்மா!" என்று கூப்பிட்டார். "புது வீட்டுலயும் சுவிட்ச் இங்கதான் இருக்கணும். கதவுக்குப் பின்னால."

"அது தப்பான இடம் சார். யாராவது அங்க வைப்பாங்களா?"

"தப்புதான்மா. அப்படியே வைங்க. எனக்கு இனிமே புதுசா கையை நீட்டிப் பழக முடியாது."

அப்புறம் டெய்லரம்மா போனார். அதற்கப்புறம் அடுத்த வீட்டுக்காரர். ஒவ்வொருவராக உள்ளே போய், கதவைப் பாதி சாத்தி, கையை வளைத்து, விளக்கை அணைத்து மறுபடி போட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள், சிலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்கள். பழக்கம் போகுமா, எல்லோரும் அந்த எலெக்ட்ரீஷியனை மறக்காமல் திட்டினார்கள். வெளியே வந்தவர்கள் வாஷர் அண்ணனிடம், "நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கை ஸ்பானரைத் தேடியது. அன்றைக்குப் பையைக் கொண்டுவரவில்லை. இறுக்குவதற்கு அவர்களுக்கு ஒரு குழாயும் இல்லை. ஒவ்வொரு நன்றியையும் அப்படியே வாங்கிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. நாலைந்து பேருக்குப் பிறகு அது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. நெஞ்சில் இத்தனை நாள் குத்திக்கொண்டிருந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மனைவி அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்து, டீ போட எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே."

"என்னைக்கு?"

"நான்கூட வாயைப் பொத்தினேனே. சொல்லு இப்ப."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். கூடம் நிறைய ஜனம், வாசலிலும் ஜனம். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததால் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

"நல்லவேளைங்க, நம்ம வீடு தப்பிச்சுது!"

"ஆமா" என்றார் வாஷர் அண்ணன். "நல்லவேளை."

சமையலறையில் விளக்கு அணைந்தது. டிரைவர் மாமா மறுபடியும் உள்ளே போயிருந்தார் போலிருக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல், "நல்லவேளைண்ணே!" என்றது. டக் என்று விளக்கு எரிந்தது.